ஜெபித்து எழுந்தால் கவலை கூடியிருக்கிறதே, ஏன்?

மார்ச் 4, 2025, இரவு 11.40
வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்:

ஒரு மாதமாக ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக் கடனில் இரண்டு தவணை பாக்கி. எழுந்து முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். ஜெபித்து எழுந்தால் கவலை கூடத்தான் செய்கிறது. ஜெபக்கூட்டத்தில் சொன்னால், கவலைப்படுகிற ஆள் விசுவாசியே இல்லை என்கிறார்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் வசனத்தை எழுதிப் படுக்கைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். இப்போது அதைப் பார்த்தாலே குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. கவலைப்படுவது பாவமா, இல்லையா? யாராவது நேராகச் சொல்லுங்கள்.

மார்ச் 5, காலை 7.10
காலடிப்பேட்டைக்காரன்:

பாவம் இல்லை. மீதி சாயங்காலம். ஆபீஸுக்கு நேரமாகிறது.

மார்ச் 5, இரவு 9.30

தம்பி, நீங்கள் ஒட்டியிருக்கும் வசனத்தை எழுதினபோது பவுல் காவலில் இருந்தார். அந்த நிருபத்திலேயே தன் கட்டுகளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதே ஆள் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் என்ன சொல்கிறார் பாருங்கள். 11ஆம் அதிகாரம். பட்ட அடி, கப்பற்சேதம், பசி, குளிர் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, இது போக எல்லாச் சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். 28ஆம் வசனம். உங்கள் ஜெபக்கூட்டத்தார் பவுலையும் வெளியே அனுப்பட்டும்.

ஜெபித்தால் கவலை கூடுகிறது என்றீர்களே, அதை நான் நம்புகிறேன். என் ஜெபத்தையே ஒருநாள் ஒட்டுக்கேட்டேன். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தது. அப்புறம் ஸ்கூல் பீஸ், அம்மாவின் முட்டி வலி, ஆபீஸில் மாட்டிக்கொண்ட ஒரு பில், அது போனால் வேலை, வேலை போனால் பீஸ் என்று ஒரு சுற்று சுற்றி வந்து "ஆமென்" என்று முடிந்தது. நடுவில் பேசினது முழுக்கக் கவலைதான். முழங்காலில் நின்றுகொண்டு கவலைப்பட்டிருக்கிறேன், அவ்வளவே.

நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். துறைமுகத்தில் பெட்டி இறங்கினால் சில நாள் இலவசம். அதற்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ். முதலில் ஒரு ரேட், நாள் ஆக ஆக அடுத்த ரேட். பெட்டிக்குள் இருக்கும் சரக்கு ஒரு கிலோகூடக் கூடியிருக்காது, கட்டவேண்டிய பணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். மூன்று மணி முழிப்பும் அப்படித்தான். உங்கள் அப்பாவின் கிரியேட்டினின் ராத்திரி மூன்றுக்கும் காலை ஆறுக்கும் நடுவே மாறுவதில்லை.

மார்ச் 6, காலை 6.55

ஒன்று விட்டுப்போயிற்று. தவணை விஷயம் ஜெபக்குறிப்பு மட்டும் இல்லை, ஒரு போன் காலும்கூட. பாக்கி 90 நாளைத் தாண்டினால்தான் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்க்கும். அதற்கு முன்னால் கிளைக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்கு ஒருவேளை டயாலிசிஸ் வரை போனாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். செய்யக்கூடியதைச் செய்யாமல் ஆண்டவர்மேல் வைத்தால் அது விசுவாசம் இல்லை, சோம்பல். எனக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு.

மார்ச் 7, இரவு 10.15

தம்பி இல்லையாம், தங்கச்சியாம். தனியாக எழுதிச் சிரித்திருக்கிறார். மன்னிக்கணும்மா. மூன்று மணிக்கு எழுந்து முழங்கால் போடுவது என்றதும் ஏன் ஆம்பளை என்று நினைத்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்படி எழுகிற ஒரே ஆள் என் மாமியார்தான்.

அவர் கேட்டிருக்கிறார்: "மூன்று மணிக்கு ஜெபிக்கக் கூடாது என்கிறீர்களா அண்ணா?" ஆமாம் என்றுதான் எழுத வந்தேன். அந்த நேரத்தில் ஒரே வரி போதும், பேதுரு தண்ணீரில் மூழ்கும்போது கத்தின வரி, "ஆண்டவரே, என்னை இரட்சியும்". மூழ்குகிறவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். நீளமான ஜெபத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பகல் ஜெபம் மெட்ரோவில். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். காலடிப்பேட்டையில் ஏறினால் டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயர் கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி. ஆறு ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு ஒரு ஆள். கதவு திறக்கும்போது பெயரைச் சொல்வேன், கதவு மூடினால் அந்த ஆள் முடிந்தது. திரும்ப அவரிடம் போகக் கூடாது, அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். என் கவலைக்கு "ஆமென்" சொல்லக் கற்றுக்கொடுத்தது அந்தக் கதவுதான்.

மார்ச் 8, மதியம்

ராத்திரி ஜெபம் வேண்டாம் என்றதற்கு ஒரு பெரியவர் சங்கீதம் 119ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார். பாதிராத்திரியில் எழுந்து துதிப்பேன் என்று தாவீது சொல்கிறாராம். (அது தாவீதுதானா என்பது வேறு சண்டை, அந்தச் சங்கீதத்துக்குப் பெயர் போடவில்லை.) சரி, ஒத்துக்கொள்கிறேன். எழுந்து துதிக்க முடிகிறவர்கள் துதிக்கட்டும். நான் சொன்னது எழுந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு.

மார்ச் 9, இரவு

வேதத்தில் "பயப்படாதே" 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும் செய்தி. தேடும் வசதி உள்ள வேதாகம ஆப்பில் நான் எண்ணிப் பார்த்தேன். 365க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியே இருந்தாலும் பிப்ரவரி 29க்கு என்ன செய்வது, அன்றைக்கு மட்டும் பயப்படலாமா?

புது வருடத்துக்கு ஆளுக்கு ஒரு வசனம் என்று சபையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இந்த ஜாதிதான். 2019 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த அட்டை, "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்". மார்ச் கடைசியில் ஊரடங்கு. போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. இருந்தாலும் அந்த அட்டை இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. கிண்டல் செய்வேன், தூக்கிப் போட மாட்டேன்.

அதை விடுங்கள். எனக்குப் பிடித்த வசனம் 1 பேதுரு 5:7. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." எழுதினவர் நம்ம ஊர் ஆள். ராயப்பர் என்றால் பேதுரு, ராயபுரத்துக்கே அவர் பெயர்தான் என்பார்கள். மீன்காரர். "வைத்துவிடுங்கள்" என்று நாம் படிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது வீசுங்கள் என்ற சொல். வலை வீசுகிறவர் வாயில் வேறு என்ன வரும்? கவலையை வலை மாதிரி வீசு என்கிறார்.

மார்ச் 12, இரவு 11

இதை எழுதவேண்டாம் என்று மூன்று நாள் நினைத்தேன்.

2019இல் என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஒன்பது நாள். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, குளியலறையில் ஜெபிப்பேன். மேலே சொன்னேனே, அந்த ஒட்டுக்கேட்ட ஜெபம், அது இந்த நாட்களில்தான். பில், பீஸ் என்றெல்லாம் எழுதினேன். உண்மையில் அன்று சுற்றினது வேறு ஒரே ஒரு வார்த்தை.

நாலாம் நாள் மண்ணடியில் டீ குடிக்கப் போனேன். பதினைந்து வருடமாகப் போகிற கடை. பாய் கிளாஸை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், மூஞ்சே செரியில்ல? வூட்ல எல்லாம் நல்லாக்கீறாங்களா?" என்றார். நடுத்தெருவில் அழுதுவிட்டேன். பாய் கல்லாவை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். வசனம் சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை. "நா துவா பண்றேன், நீ மொதல்ல ஒரு பன்னு துன்னு" என்றார். தின்றேன். அன்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்கும் இதுதான் நடந்தது. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு செத்தால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், எழுந்து சாப்பிடு. சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிடு என்கிறான். பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

மார்ச் 13, காலை

நேற்று எழுதினதைப் படித்த மனைவி, "பன் இல்ல, பிஸ்கட்டுன்னு அன்னிக்குச் சொன்னீங்க" என்கிறாள். எனக்குப் பன் என்றுதான் ஞாபகம்.

மார்ச் 15, இரவு

அந்த டீக்கடையிலிருந்து எனக்கு ஒரு சொல் கிடைத்தது. சங்கீதம் 94இல் "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்று வருகிறது. விசாரம் என்றால் கவலை. என் பாட்டி, "அவளுக்கு ஒரே விசாரம்" என்பாள். பேதுருவில் "அவர் உங்களை விசாரிக்கிறவர்". போலீஸ் விசாரணை இல்லை, "வீட்ல எல்லாரையும் விசாரிச்சதா சொல்லு" என்கிறோமே, அது. தமிழில் இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொல். ஒருத்தரும் விசாரிக்காத இடத்தில் விசாரம் பெருகுகிறது. எனக்கு நடந்தது அதுதான். நாலு நாள் நான் மட்டும் என்னை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், கிரேக்கம் படித்தவர். அவரிடம் இதைச் சொன்னதும் இன்னொன்று எடுத்துக் காட்டினார். படகில் ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்குகிறார், புயல், சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" மாற்கு 4. அந்தக் "கவலையில்லையா" என்ற இடத்திலும், பேதுருவின் "விசாரிக்கிறவர்" என்ற இடத்திலும் மூலத்தில் ஒரே வினைச்சொல்லாம். கேள்வி கேட்ட படகில் பேதுருவும் இருந்தார். பதில் எழுத அவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கேள்வி மரியாதையான ஜெபமே இல்லை. திட்டு. ஆனால் அவர் எழுந்து முதலில் காற்றைத்தான் அதட்டினார்.

மார்ச் 17, இரவு

வியாசர்பாடித் தங்கச்சி வங்கிக்குப் போய்வந்தாராம். மேனேஜர் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்னொரு செய்தியும் எழுதியிருக்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எழுதினாராம், ஜெபக்கூட்டத்தில் அதைப் போடவேண்டாம் என்கிறார்களாம்.

போடுங்கள். சொல்கிறவன் அனுபவப்பட்டவன். 2021 கடைசியில் எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் போட்டேன், நன்றாக இருந்தேன். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் என் தலையில் கை வைத்து, விசுவாசம் இருந்தால் தூக்கிப் போடு என்றார். எல்லார் முன்னாலும் சொன்னதால் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ராத்திரி ஆட்டோவில் ஓடினோம். இசிஜி நார்மல். அந்த மாதிரி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்று அங்கே இருந்த சின்னப் பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை மாத்திரை போடுகிறவரைப் பார்த்து இந்தக் கூட்டம் அவிசுவாசி என்று சொல்வதில்லை. அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை.

நம் ஊரில் மனநல டாக்டர் என்றாலே "கீழ்ப்பாக்கம் கேஸா" என்று ஒரு கிண்டல் உண்டு. நானே செய்திருக்கிறேன். 1794இலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் அதை வசவாக்கி வைத்திருக்கிறோம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

மாமியார் கத்தோலிக்கர், 53 மணி ஜெபமாலை. நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை. ரொம்ப நாள் அதை வீண் வார்த்தைகளை அலப்புவது என்றே நினைத்தேன், ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். பதிலுக்கு மாமியார், "கெத்செமனேயில ஆண்டவரே அதே வார்த்தைய மூணு தரம் சொன்னார் மாப்ள" என்றார். மத்தேயு 26:44. பார்த்தேன், இருந்தது. எனக்கு வாய் அடைத்துவிட்டது.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஜெபமாலையை லத்தீனில் சொல்லவைத்து மூச்சை அளந்திருக்கிறார்கள். மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 என்று இறங்கியிருக்கிறது. இதயத்துக்கு நிதானம் தரும் வேகம் அது. மந்திரம் சொன்னவர்களுக்கும் அப்படியே. இதைக் கேட்டு மாமியார் பெரிதாக அசரவில்லை. "எனக்கு மூச்சு பத்தித் தெரியாது, அஞ்சாவது பத்து மணிய உருட்டி முடிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துரும்" என்றார்.

மார்ச் 26, இரவு

பையனுக்கு நேற்று பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. மூன்று வாரமாக அவனைவிட நான்தான் பரீட்சை எழுதினேன். ஊருக்கெல்லாம் கவலை பற்றி எழுதுகிற அப்பா, கெமிஸ்ட்ரி அன்று ராத்திரி ஹாலில் நடந்ததை அவன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

மார்ச் 29, இரவு 12.20

இவ்வளவு எழுதினவன் இதையும் எழுதவேண்டும். என் மனைவியின் ரிப்போர்ட் ஒன்பதாம் நாள் வந்தது, சாதாரணக் கட்டி. அதனால்தான் நான் டீக்கடை, தேவதூதன் என்றெல்லாம் அழகாகப் பேசுகிறேனோ என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

2021இல் அவளுடைய அக்காவுக்கு, நாங்கள் பயந்த அதே புற்றுநோய், சந்தேகமே இல்லாமல். அதே ஜெபம். உபவாசம். இரண்டு சபை, ஒரு கோயில், டீக்கடைப் பாயின் துவா எல்லாம் அவருக்கும் இருந்தது. செப்டம்பரில் போய்விட்டார். மாத்திரை அதற்கப்புறம்தான். அந்த மாதங்களில் நான் படித்த ஒரே சங்கீதம் 88. கடைசிவரை ஒரு ஆறுதலும் வராது, இருளோடே முடியும். இதையும் வேதத்தில் வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு என் வந்தனம்.

தண்டையார்பேட்டை அவருடைய ஸ்டேஷன். அங்கே இப்போது கதவு திறக்கும், மூடும். யார் பெயரும் சொல்வதில்லை. வேறு பெயர் வைக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

மார்ச் 9 அன்று எழுதினதைத் திருத்துகிறேன். கவலையை வலை மாதிரி வீசு என்று அளந்துவிட்டிருந்தேன். இன்று ஆராதனை முடிந்து ஐயரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். வலை வீசுவதற்குச் சொல் வேறாம். பேதுரு எழுதின சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறதாம், அதுவும் இன்றைக்கு வாசித்த லூக்கா 19இல். கழுதைக்குட்டியின்மேல் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்களே, அந்தப் "போட்டு".

ஆக, வலையும் இல்லை கடலும் இல்லை. சட்டையைக் கழற்றிக் கழுதைமேல் போடுவது. மீன்காரர் வாயில் வேறு என்ன வரும் என்று கேட்டிருந்தேன். கழுதை வந்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர், இரவு

சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தான், மனைவியின் தம்பி. எர்ணாவூர். முகத்துவாரத்தில் வீச்சு வலை போடுகிறவன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவன் வீட்டுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. வலை எல்லாம் கறுப்பு. அன்று நான் போனபோது நாங்கள் இரண்டு பேரும் கவலைப்படவே இல்லை, இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பாயைத் தூக்கு, கேஸ் சிலிண்டரைத் தூக்கு, குழந்தையைத் தூக்கு. கை வேலையாக இருந்தது. கவலை வந்தது பத்து நாள் கழித்து, எல்லாம் கழுவி முடித்து உட்கார்ந்த பிறகு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும்.

அவனிடம் வலை, கழுதை கதையைச் சொன்னேன். கறியை மென்றுகொண்டே, "ஐயர் சொல்றதுதான் கரெக்ட் மாமா. வலை வீசறவன் கயித்த உடுவானா? வீசுறதே திரும்ப இழுக்கத்தான்" என்றான்.

நான் இத்தனை நாள் செய்தது அதுதான். ராத்திரி வீசுவேன், கயிறு மணிக்கட்டிலேயே இருக்கும், காலையில் இழுப்பேன். போன தடவை என்ன மாட்டினதோ அதே மாட்டும். பேதுருவுக்கு இது தெரிந்துதான் கழுதைச் சொல்லை எடுத்தாரோ என்னவோ. ஐயரைக் கேட்டால் மறுபடி சிரிப்பார், கேட்கப்போவதில்லை.

மச்சானை, நீ கவலைக்கு என்னடா செய்வாய் என்று கேட்டேன். "தூங்கிருவேன்" என்றான். தூக்கம் வராவிட்டால்? "அக்காளுக்குப் போன் பண்ணுவேன்." ராத்திரி ஒரு மணிக்கு என் மனைவி யாரிடம் பேசுகிறாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 22, காலை 6.40

தங்கச்சி, அப்பாவுக்கு அடுத்த வாரம் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். இணைத்தவுடனே டயாலிசிஸ் ஆரம்பிக்க மாட்டார்கள், அது பக்குவமாகச் சில வாரம் ஆகும். அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள். மாத்திரை போட ஆரம்பித்து மூன்று மணி முழிப்பு நாலரைக்குப் போயிருக்கிறது என்றீர்கள், சந்தோஷம். சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டீர்களா, வேறு இடத்தில் ஒட்டினீர்களா, சொல்லவில்லை.

இரண்டு மாதமாக அப்பா அப்பா என்கிறீர்கள். பெயர் சொல்லவில்லையே. தனியாக அனுப்புங்கள்.

ஏப்ரல் 23, இரவு

பெயர் வந்தது. நாளையிலிருந்து தண்டையார்பேட்டை.